‘எரிந்தன’ என்று எழுதாத அக்கா

வண்டி சீட்டுக்கு உறை தைக்கிற என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "சீட் கிழிஞ்சிருச்சு." ஆட்டோக்காரர், கல்லூரிப் பையன், கீரை விற்கிற அம்மா, யாராக இருந்தாலும் சீட் தானாகவேதான் கிழிந்திருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவர்தான் வேறு மாதிரி சொன்னார்.

"தம்பி, இதை நான்தான் கிழிச்சேன். சாவியால. கோவத்துல."

பக்கத்துக் கடையில் அச்சகம் நடத்திய அக்கா. மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்து, இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. என் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் என் நூல்கண்டு டப்பா அதிரும். சந்தின் மறுபக்கம், என் கடைக்கு நேர் எதிரே அக்காவின் வீடு. அங்கே அவரும் அவருடைய அப்பாவும் மட்டும்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கட்டைக் குரல், காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நான் வேண்டாம்னு சொன்னேன்" என்பார். "அமையல" என்று சொல்லமாட்டார். சோறு அடிபிடித்துவிட்டால் "சோத்தைத் தீச்சுட்டேன்" என்பார். நம் வீடுகளில் சோறு தீய்ந்து போகும், பால் பொங்கிவிடும், கண்ணாடி உடைந்துவிடும், பேச்சு வந்துவிடும். அக்கா இருக்கிற இடத்தில் எதுவும் தானாக நடக்காது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் செய்திருப்பார். அந்த ஒருவர் யார் என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"யாரு?" என்று கேட்பார். தமிழிலும் கன்னடத்திலும் அது ஒரே வார்த்தை. அதனால் அச்சகத்துக்கு வருகிற எவரும் அந்தக் கேள்வி புரியவில்லை என்று தப்பிக்க முடியாது.

ஒருமுறை பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்துச் செயலாளர் ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தார். அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்து ‘நிறுத்தப்படும்’ என்பதைச் சுழித்தார்.

"யாரு நிறுத்துவாங்க?"

"யாராவது நிறுத்துவாங்க மேடம். தொட்டி கிளீன் பண்றோம், அஷ்டே, அவ்வளவுதான்."

"கேட்டா யாருகிட்ட கேக்கறது?"

கடைசியில் "நான் நிறுத்துகிறேன்" என்று அவருடைய பெயரைப் போட்டே நோட்டீஸ் அடித்தார்கள். அன்று முழுவதும் அந்த மனிதர் போனை எடுத்து மாளவில்லை. மறுநாள் வந்து அக்காவிடம் சண்டை போட்டார். நானும் மாதேசண்ணனும் சிரித்து ஓய்ந்தோம்.

மாதேசண்ணன் அச்சகத்தின் இன்னொரு பங்குதாரர். கம்ப்யூட்டரும் எழுத்தும் அக்கா, மெஷினும் மையும் மாதேசண்ணன். கோபிநத்தத்திலிருந்து மைசூருக்குக் கூலி வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. அக்காவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அதிர்ந்து பேசமாட்டார். மை படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே இருப்பார், துடைத்து முடிந்த பிறகும்.

எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. ஒரு நாள் ஒரு குடும்பம் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தது. புகைப்படத்தில் சின்ன வயதுப் பெண். மருமகளாம். ‘அகால மரணமடைந்தார்’ என்று போடச் சொன்னார்கள். அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"எப்படி?"

மாமியார் தன் மகனைப் பார்த்தார். பையன் கைப்பேசியைப் பார்த்தான். கூட வந்த பெரியவர், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கம்மா, போட்டோ நல்லா வரணும், அவ்வளவுதான்" என்றார். அக்கா மறுபடியும் அதையே கேட்டார். அந்த அம்மாள் மேஜைமேல் இருந்த படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களை எங்கள் சந்தில் நான் பார்த்ததே இல்லை.

"நான் கேட்டது தப்பா தம்பி?" என்றார் அக்கா.

தப்பில்லை என்றேன். ஆனால் எல்லாவற்றையும் கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது நல்லதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். எதிரே தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கண்ணால் காட்டினார்.

"எங்கப்பா வாய்ல எல்லாமே தானா நடக்கும் தம்பி. லாரி இடிச்சிருச்சு. வேலை போயிருச்சு. அம்மா நகை காணாமப் போயிருச்சு. சின்ன வயசுலருந்து கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாயிருச்சு... இல்ல, நான் எரிச்சல் பட்டேன்."

அவருடைய அப்பாவை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். ஹனூர்ப் பக்கத்துக்காரர். ஒரு காண்ட்ராக்டரிடம் பல வருஷம் மணல் லாரி ஓட்டியவர். வயதாகி, காது மந்தமாகி, யார் எது பேசினாலும் சாந்தமாகத் தலையாட்டிக்கொண்டு இருப்பார். சாயங்காலம் ஆனால் மெதுவாகச் சந்தைக் கடந்து அச்சகத்துக்கு வருவார். மாதேசண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, கை கழுவி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தன் கையாலேயே கொடுப்பார். வேறு யாரையும் கொடுக்க விடமாட்டார். டிரைவர் குடித்து முடிக்கிறவரை எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டம்ளரை வாங்கி, அடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி மெஷினுக்குப் போவார். பெரியவர்மேல் இவ்வளவு மரியாதையா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

புத்தக யோசனை அக்காவுடையதுதான்.

மைசூரில் ஒரு ஏரிக்கரையில் முன்பு தமிழ்க் கூலியாட்களின் குடிசைகள் இருந்தன. தர்மபுரி, சேலம், கோபிநத்தம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். இந்த ஊரின் புது லேஅவுட்டுகளில் பாதி வீடுகள் அவர்கள் கட்டியவை. அவர்கள் எப்படி வந்தார்கள், என்ன தின்றார்கள், யார் முதலில் ரேஷன் கார்டு வாங்கினார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதிப் புத்தகமாகப் போட வேண்டும் என்றார். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கன்னடம். "நம்ம பசங்களுக்குத் தமிழ் படிக்க வராதில்ல? அவங்களும் படிக்கணும்."

மாதேசண்ணன் முதலில் தயங்கினார். "இதெல்லாம் யாரும்மா படிப்பாங்க?" என்றார். பிறகு அவரே கன்னடப் பக்கத்தை எழுத ஒப்புக்கொண்டார். நான் தமிழ்ப் பக்கத்துக்குப் பிழை பார்த்தேன். ஈரோட்டில் மாமா வீட்டில் தங்கிப் படித்ததால் அந்தச் சந்தில் அக்காவை விட்டால் தமிழைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அந்தச் சில மாதங்கள் அச்சகம் ஒரு கல்யாண வீடுபோல இருந்தது. யார் யாரோ வந்து கதை சொன்னார்கள். மாதேசண்ணன்கூட அவருடைய அம்மா செங்கல் சுமந்த கதையைச் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் குடிசைகள் ஒரு தசரா நாளில் அழிந்தன. எல்லோரும் அம்பாரி யானை ஊர்வலம் பார்க்கப் போயிருந்த பகலில், வரிசை முழுவதும் சாம்பலானது. யாரோ அணைக்காமல் விட்ட அடுப்பு என்று அன்றைக்குச் சொன்னார்கள். பிறகு அந்த இடத்தில் காண்ட்ராக்டர் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மகன்கள் நடத்துகிறார்கள்.

மாதேசண்ணன் அதை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். ‘அந்தத் தசராவன்று குடிசைகள் எரிந்தன.’

அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"எரிந்தனவா, எரித்தார்களா?"

"எரிந்தனன்னு விடும்மா."

"அடுப்புன்னா எந்த வீட்டு அடுப்புண்ணா? யாரு பத்தவெச்சா? பகல்ல எல்லாரும் ஊர்வலத்துக்குப் போயிட்டாங்கன்னா அடுப்புல என்ன வேலை?"

"எதுக்கு இப்ப அது?"

"யாரோ கொளுத்தியிருக்காங்க. மண்டபம் யாருக்கு வந்துச்சுன்னு பாத்தாலே தெரியுதில்ல?"

மாதேசண்ணன் விரல்களைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். அவர் அப்படிப் பேச்சின் நடுவே எழுந்து போனது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அக்கா எங்கே போனாலும் அந்த ஒரு கேள்விதான். மண்டபக்காரர்களுக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை என்று நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு, குடிசைகளில் இருந்தவர்கள் பிறகு குடியேறிய காலனிக்குப் போனார். அங்கே ஒரு கிழவி இருந்தார். நல்ல ஞாபகசக்தி. எந்தக் குடிசைக்குப் பக்கத்தில் எந்தக் குடிசை என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். தீ எந்தக் கோடியிலிருந்து கிளம்பியது என்பதுவரை வந்துவிட்டார்.

"ஊர்வலத்துக்குப் போவாம நான் கொஞ்சம் பின்தங்குனேன். கரைமேல ஒரு லாரி நின்னுச்சு. அப்பத்தான்..." என்றவர் நிறுத்தி அக்காவை உற்றுப் பார்த்தார். "நீ ஆரு மவ?"

அக்கா அப்பாவின் பெயரைச் சொன்னார்.

"டிரைவரு மவளா?"

"ஆமாங்க ஆயா."

கிழவி தரையில் போட்ட கோடுகளை உள்ளங்கையால் அழித்தார். "எனக்கு வயசாச்சு தாயி. ஒண்ணும் நெனப்புல இல்ல. டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க." நாங்கள் படியிறங்கும்போது உள்ளே யாரிடமோ, "அவளையே அனுப்பியிருக்கான் பாரு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அக்காவுக்கும் விழுந்திருக்கும்.

அச்சகத்தில் நிலைமை மோசமானது. புத்தகத்தின் முதல் பக்கங்கள் அச்சில் ஓட வேண்டிய வாரம் மெஷின் ஓடவில்லை. சுவருக்கு அப்பால் சத்தமே இல்லாததால் நான் போய்ப் பார்த்தேன்.

"மெஷின் நின்னு போச்சு" என்றார் மாதேசண்ணன்.

"யாரு நிறுத்தினா?" என்றார் அக்கா.

மாதேசண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அதற்கு முன் அவரிடம் நான் கண்டதில்லை. "நான்தான் நிறுத்தினேன். அந்தப் பக்கத்த எடுத்துரும்மா. இல்லேன்னா இந்தப் புஸ்தகம் இந்த மெஷின்ல ஓடாது."

"மண்டபக்காரங்க ஏதாவது சொன்னாங்களாண்ணா? மிரட்டினாங்களா?"

"என்னைய யாரும் மிரட்டல. உனக்காகத்தான் சொல்றேன். இதுக்குக் கீழ தோண்டாத."

அக்கா தோண்டினார். எங்கே தோண்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அன்று சாயங்காலம் பிழை பார்த்த தாள்களைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டிரைவர் கீழே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். அக்கா என்னை இருக்கச் சொன்னார். "அப்பா அந்தக் காலத்துல அந்த ஏரிப் பக்கம் மண்ணடிச்சிருக்காரு. அவருக்கு வாசிச்சுக் காட்டறேன். ஏதாவது தப்பிருந்தா சொல்லட்டும்."

உரக்க வாசித்தார். ஊர்வலம், ஆளில்லாத குடிசைகள், கரைமேல் நின்ற லாரி. "யாரோ சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்க வேண்டும்" என்று முடித்தார்.

டிரைவர் வாயில் இருந்த களியை விழுங்கினார்.

"சீமெண்ணெய் இல்ல புள்ள. டீசலு."

அக்காவின் கையில் இருந்த தாள் அசையவில்லை. சந்து முனையில் ஒரு ஆட்டோ போனது.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"லாரிலருந்து எடுத்தது."

"யாரு எடுத்தா?"

"மண்டபம் கட்டின ஓனரு சொன்னாரு. எல்லாரும் அம்பாரி பாக்கப் போயிட்டாங்க, ஒருத்தரும் இல்லேன்னாரு."

"நான் அதைக் கேக்கல. யாருப்பா எடுத்தா?"

கிழவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்" என்றார்.

"கொளுத்தினது?"

"நான்தான் புள்ள. உள்ள ஒரு கொழந்த இருந்துச்சுன்னு மறுநாளுத்தான் தெரிஞ்சுது."

அவர் வாயிலிருந்து ‘நான்’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு தட்டை அருகில் இழுத்து மிச்சக் களியைப் பிட்டு, குழம்பில் தொட்டு, நிதானமாகத் தின்று முடித்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை அக்கா அச்சகத்துக்குப் போகிற வழியில் என் கடைமுன் நின்று, "நீயும் வா தம்பி" என்றார். கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் அதே கட்டைக் குரல். மாதேசண்ணன் மெஷின்மேல் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"கொளுத்தினது எங்கப்பாண்ணா."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"பங்கு சேர்றதுக்கு முன்னாடியே தெரியும். உள்ள இருந்தது என் தம்பி."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்புறம் ஏண்ணா என்கூடச் சேந்தீங்க?"

"பாக்கணும்னு இருந்துச்சு. கொளுத்தினவன் எப்படித் திங்கறான், எப்படித் தூங்கறான்னு பக்கத்துல இருந்து பாக்கணும்னு." விரல்களைத் துடைத்தார். "பாத்தேன். நல்லாத்தான் திங்கறாரு. நல்லாத்தான் தூங்கறாரு."

"பாக்கறதுக்கு மட்டுமா வந்தீங்க?"

மாதேசண்ணன் மேஜைமேல் இருந்த டீ பிளாஸ்கைப் பார்த்தார். நானும் அதைப் பார்த்தேன்.

"தெனமும் நெனப்பேன்" என்றார் மெதுவாக. "தெனமும் வெறும் டீயத்தான் குடுத்தேன். அதுக்குமேல கேக்காத."

அக்கா கேட்கவில்லை. "அப்படின்னா உங்களுக்குத்தானே முதல்ல வேணும் அந்தப் பேரு? அப்பா பேரையும் போடறேன், காண்ட்ராக்டர் பேரையும் போடறேன். ஏன் வேண்டாங்கறீங்க?" என்றார்.

"போடுவ. படிக்கிறவன் அடுத்தது என்ன கேப்பான்? எல்லாரும் போயிட்டாங்க, கொழந்த மட்டும் எப்படி உள்ள இருந்துச்சுன்னு கேப்பான். நீயே கேப்ப. கதவ யாரு பூட்டினான்னு கேப்ப." அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "தம்பிக்குச் சொரம். அம்மா என்னையத்தான் காவலுக்கு விட்டுட்டுப் போச்சு. எல்லாப் பசங்களும் யானை பாக்க ஓடறாங்க. எனக்குப் பத்து வயசு. வெளிய கொண்டியப் போட்டுட்டு ஓடினேன். எங்கம்மா சாகற வரைக்கும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. நீ கேட்டுப் புஸ்தகத்துல போடப் போறியா?"

அக்கா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. அக்கா அப்பாவின் பெயர் இல்லாமல் புத்தகம் போடமாட்டேன் என்றார். மாதேசண்ணன் அந்தப் பெயர் வந்தால் தன் தம்பி வருவான், தம்பி வந்தால் கதவு வரும் என்றார். "செத்தது என் தம்பி. எழுதறது வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டார். "கொளுத்தினது எங்கப்பா. மறைக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்கா?" என்றார் அக்கா. இரண்டு பேரும் சொன்னது சரி. எனக்கு நடுவில் நிற்கவே பயமாக இருந்தது. டிரைவர் மட்டும் எதுவும் நடக்காததுபோல் சாயங்காலம் அச்சகத்துக்கு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் டீ கொடுக்கவில்லை. இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார். மறுநாளும் வருவார்.

கடைசியில் கூட்டைப் பிரித்துக்கொண்டார்கள். மாதேசண்ணன் மெஷினை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அக்கா பெங்களூரில் ஓர் அச்சகத்தில் கொடுத்துப் புத்தகத்தை அடித்தார். நான்தான் கடைசிப் பிழை பார்த்தேன். ‘காண்ட்ராக்டர் சொன்னார், என் அப்பா லாரியிலிருந்து டீசல் எடுத்து ஊற்றிக் கொளுத்தினார்’ என்று இரண்டு பேரின் பெயரையும் போட்டு எழுதியிருந்தார். அடுத்த வரி: ‘ஒரு குடிசையில் ஒரு குழந்தை இருந்தது. கதவு சாத்தியிருந்தது.’

அக்கா எழுதியதிலேயே, செய்த ஆள் இல்லாத வரி அது ஒன்றுதான். நான் பென்சிலை அதன்மேல் வைக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

புத்தகத்துக்கு விழா எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் அது எப்படியோ காலனிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மண்டபத்துப் பையன்கள் காரில் வந்து சந்து முனையில் நிறுத்தி, இறங்காமல், அக்கா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். காலனிக்காரர்கள் சிலர் வந்து வாசலில் நின்று டிரைவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்து நின்றார். அவர்கள் அவரை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பார்த்துவிட்டுப் போனார்கள். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாராவது இரண்டு பேர் வருவார்கள், நிற்பார்கள், பார்ப்பார்கள்.

மாதேசண்ணன் ஒருநாள் என் கடைக்கு வந்தார். புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். மூடினார். திறந்து மறுபடி படித்தார். "டிரைவர் எப்படி இருக்காரு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அக்காவும் அப்பாவும் பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு ஹனூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே ஒரு மழைக்காலத்தில் டிரைவர் தூக்கத்திலேயே போனார் என்று கேள்விப்பட்டேன். அக்கா இப்போது கொள்ளேகாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார் என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அச்சகமும் இல்லை, சிவப்புப் பென்சிலும் இல்லை. அவர்கள் காலி செய்வதற்குக் கொஞ்ச நாளைக்கு முந்தைய ஒரு காலை.

நான் ஷட்டரைத் தூக்கியபோது எதிரே அக்கா வீட்டு வாசற்படியில் ஒரு கேன் இருந்தது. பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடி இல்லை. சந்து முழுக்க டீசல் நாற்றம்.

அக்கா கதவைத் திறந்து அதைப் பார்த்தார். பின்னால் டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஓடினேன்.

"அக்கா, என் கடை கேமராவுல உங்க வாசப்படி நல்லாத் தெரியும். ராத்திரி பூரா பதிவாயிருக்கும். ஒரு நிமிஷம், பாத்துரலாம். யாருன்னு தெரிஞ்சுரும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன்.

"வேண்டாம் தம்பி. அழிச்சுடு."

"போலீசுக்காவது..."

"அழிச்சுடு. நீயும் பாக்காத."

குனிந்து அந்தக் கேனை இரண்டு கையாலும் தூக்கினார். கனம் தாங்காமல் கொஞ்சம் சிந்தியது, புடவைக் கரையில் பட்டது. உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பார்க்காமலே அழித்தேன். அன்றைக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு ஆட்டோ சீட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அக்காவின் தலை தெரிந்தது. பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தம். அப்புறம் கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தும் சத்தம். முதல் தடவை பற்றவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை அழுத்தினார். அந்தக் கேன் இன்னும் உள்ளேதான் இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.